ஊருக்குப் போனவர்களின் மூச்சு

பால் கவரின் வெட்டிய மூலை அடுப்பில் விழுந்துவிட்டது. நகத்தளவு துண்டு. சுருண்டு, நுரைத்து, கறுத்து, நூலாகப் புகைந்தது. பம்பாய்ச் செம்பூரில் நாலாவது மாடி, சன்னலுக்கு வெளியே ஒழுங்கான காலை, கீழே யாரோ காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கோ அந்த நூல் மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பைத் தானே அணைத்தது.

இதைத் தாராவியின் வாசனை என்று சொன்னால் தாராவிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், நியாயம்தான். தாராவிக்கு வேகும் இட்லியின் வாசனை உண்டு, பதனிட்ட தோலின் வாசனை உண்டு, சோப்புக் கட்டியின், ஈரக் களிமண்ணின், புதுத் துணிக் கஞ்சியின் வாசனை உண்டு. இது ஒரே ஒரு சந்தின் வாசனை. அந்தச் சந்தில் பழைய வாளிகளையும் உடைந்த நாற்காலிகளையும் அரைத்து, உருக்கி, மணிமணியாக வெட்டும் ஒரு பட்டறை. பட்டறையின் தலைமேல் இரும்பு ஏணி போட்ட ஓர் அறை. அறையில் ஒரு பெண், அவள் புருஷன். கீழே மிஷினை ஓட்டுகிறவன் அவன்தான். ஏணியில் இறங்கினால் வேலை, ஏறினால் வீடு. இரண்டுக்கும் காற்று ஒன்றே.

எனக்கு அப்போது கேள்வி கேட்கும் வேலை. மூச்சைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி. பிளாஸ்டிக் உருக்கும் சந்துகளில் இருக்கிறவர்களையும், கொஞ்ச தூரத்தில், உருக்கும் பட்டறை இல்லாத மாட்டுங்கா லேபர் கேம்பில் இருக்கிறவர்களையும் வருடா வருடம் பார்த்துக்கொண்டே வருவது. மருந்து கிடையாது, ஊசி கிடையாது. பார்ப்பது, கேட்பது, குறிப்பது. யார் இருமுகிறார்கள், யாருக்குப் படி ஏறினால் இளைக்கிறது, குழாயில் ஊதினால் முள் எதுவரை போகிறது. அதே கதவு, அதே ஆள், அதே கேள்வி. கேள்விகளைத் தமிழாக்கியது நான். கதவு கதவாகக் கொண்டுபோனதும் நான். கவிதை எழுதுகிறவளுக்குப் பம்பாயில் சம்பளம் தரும் தமிழ் அவ்வளவுதான் இருந்தது.

முதல் நாள் அந்த ஏணியில் ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, "கடந்த ஓராண்டில் தங்களுக்குச் சளியுடன் கூடிய இருமல் தொடர்ந்து இருந்ததுண்டா?" என்று வாசித்தேன்.

அவள் முறத்திலிருந்து நிமிர்ந்தாள். "யக்கா, நியூஸ் வாசிக்கியளா?"

"இல்லம்மா, உன்னத்தான் கேக்கறேன்."

"அப்ப மனுசங்க கேக்குத மாதிரி கேளுங்க. இருமுதியா? இருமுதேன். சளி வருதா? வருது. நீல வாளி உருக்குன அன்னைக்கு மூக்கச் சீந்துனா நீலமா வருது. செவப்பு நாற்காலின்னா செவப்பா வருது. அதுக்கு உங்க தாள்ல கட்டம் இருக்கா?"

கட்டம் இல்லை. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள், சிரிப்பு முடியும்போது அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அதற்குக் கட்டம் இருந்தது.

புருஷனை ஊதச் சொன்னபோது அவன் கையைத் துடைத்துக்கொண்டு குழாயை வாங்கினான். "போலீஸ்காரன் குடிச்சிருக்கியான்னு ஊதச் சொல்லுவான். நீங்க மூச்சு இருக்கான்னு ஊதச் சொல்லுதிய" என்றான். அந்த வருடம் முள் நன்றாகவே போனது. ஊர்க் கோயில் கொடைக்கு நாயனம் ஊத அவனைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவள் கேலி செய்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மிஷினை ஆட்கள் குடியிருக்கும் சந்திலிருந்து கிளப்ப வேண்டும், அவன் மூச்சு கெடுவதற்குள். அறை சொந்த அறை, நகையெல்லாம் போட்டு வாங்கியது, விட்டுப் போக முடியாது. வார்டு ஆபீசுக்குச் சந்துப் பெண்களோடு போய் நின்றிருக்கிறாள். புகையால்தான் நோய் என்பதற்கு என்ன சான்று, கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சான்று என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்த பெண்ணின் வீட்டு ஏணியில்தான் நான் குழாயும் கேள்வியுமாக ஏறியிருக்கிறேன்.

"முடிவு எங்களுக்குச் சொல்லுவியளா, இல்ல உங்களுக்குள்ளயே வச்சுக்கிடுவியளா?"

"எல்லாருக்கும் சொல்லுவோம். என்ன கேக்கப் போறோம், எப்படிக் கணக்குப் போடப் போறோம்னு முன்னாடியே எழுதி வச்சாச்சு. விடை பிடிக்கலைன்னு அப்புறம் கேள்விய மாத்தக் கூடாதுன்னு."

"சீட்டு குலுக்குத மாதிரின்னு சொல்லுங்க" என்றாள். "எல்லாரும் பாக்க பேர எழுதிப் போடணும், எல்லாரும் பாக்க குலுக்கணும். டப்பாவ உள்ள கொண்டுபோயிக் குலுக்கிட்டு வந்தா நம்ம சந்துல செருப்பு பறக்கும்."

அந்த எழுதி வைத்த தாள் டப்பாவுக்குள்தான் இருந்தது. எல்லாரும் பார்க்கும் இடத்தில் அதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாட்டுங்காவின் வசதியான தெருவில் பிறந்து வளர்ந்த சின்னப் பெண், என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள், என் தமிழ்க் கேள்விகளை எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நல்லவள். சொல்லிக்கொண்டே இருந்தவள் செய்யவில்லை, அல்லது அவளுக்கு மேலே இருந்தவர்கள் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்றார்கள், அல்லது மழைக்காலம் வந்துவிட்டது. எதுவும் சதி இல்லை. சதியாக இருந்தால் யாரையாவது திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

*

அடுத்த வருடம் பூட்டுகள் தொடங்கின.

சந்துக்குள் போவேன், பெயரைச் சொல்லிக் கேட்பேன், பக்கத்துக் கதவிலிருந்து பதில் வரும்: "அவிய ஊருக்குப் போயாச்சே."

"எதுக்கு?"

"மேலுக்கு முடியல. பெறவு என்ன செய்யதுக்கு."

தாராவியில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு, படுத்துக் கிடப்பதற்கு மட்டும் கிடையாது. பத்தடி அறையில் பகல் ஷிப்டுக்காரன் எழுந்ததும் ராத்திரி ஷிப்டுக்காரன் படுக்க வேண்டும். அங்கே ஒருவன் எழுந்திருக்கவே இல்லை என்றால் அறை ஓடாது. அதனால் மூச்சு இளைக்க ஆரம்பித்த ஆளை, இன்னும் தன் காலால் நடக்கும்போதே, தாதரில் ரயில் ஏற்றிவிடுவார்கள். இட்லி கட்டிக் கொடுத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, கூட ஒருத்தரை அனுப்பி. இங்கே செத்தால் உடம்பைக் கொண்டுபோக ஆகும் செலவு ஒரு பயம். அங்கே பெரியாஸ்பத்திரி இருக்கிறது, நல்ல காற்று இருக்கிறது, தாய்க்காரி இருக்கிறாள் என்பது ஒரு நம்பிக்கை. பயமும் பாசமும் சேர்ந்து டிக்கெட் எடுக்கும். சந்து முழுக்க இதுதான் முறை. யாரும் இதை முறை என்று சொல்வதில்லை. மழை வந்தால் தகரத்தில் தார்ப்பாய் போடுவதை முறை என்றா சொல்கிறோம்?

லேபர் கேம்பில் இப்படி இல்லை. தாத்தா காலத்தில் தோல் வேலைக்கு வந்த குடும்பங்கள். ஊரில் நிலமில்லை, வீடில்லை, கூப்பிட ஆளில்லை. அங்கே ஒரு வீட்டில் கட்டிலில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தவரிடம், ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டுவிட்டேன். "எங்களுக்கு எந்த ஊரும்மா? இருமுனா இங்கதான் இருமணும்" என்றார். இருமினார். குறித்துக்கொண்டேன்.

இதை நான் டாக்டரிடம் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. உருக்கும் சந்தில் நோயாளிகள் ரயிலேறிவிடுகிறார்கள், கேம்பில் நோயாளிகள் கட்டிலில் இருக்கிறார்கள், நாம் கடைசியில் யாரைப் பார்த்து யாரோடு ஒப்பிடப் போகிறோம் என்று கேட்டேன்.

"புரியறது ஆன்ட்டி" என்றாள். நிஜமாகவே புரிந்தது அவளுக்கு. முகம் சுண்டிவிட்டது. "போனவா எல்லாரையும் தேடிப் பிடிக்கணும். அதுக்கு ஆள் வேணும், டைம் வேணும். கேட்டுப் பாக்கறேன்."

கேட்டுப் பார்த்தாள். பணம் தந்தவர்களின் கெடு முடிந்துகொண்டிருந்தது. கையில் வந்திருப்பதை எழுதுங்கள் என்றார்கள். எழுதினாள். போனவர்களைப் பற்றி அவள் எழுதிய பக்கம், ஆராய்ச்சி இதழில் இடமில்லை என்று சுருங்கிப் பத்தியானது, பத்தி சுருங்கி வரியானது: சிலரைத் தொடர்புகொள்ள இயலவில்லை. அவ்வளவு. அத்தனை பூட்டும், அத்தனை இட்லிப் பொட்டலமும், தாதர் பிளாட்பாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை ஆண்களும் அந்த ஒரு வரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

முடிவு இப்படி வந்தது: பிளாஸ்டிக் உருக்கும் சந்துகளில் இருமலும் இளைப்பும் லேபர் கேம்பைவிடக் குறைவு.

பொய் ஒன்றுமில்லை. ஒவ்வொரு எண்ணும் சரி. இருந்தவர்களை எண்ணினோம், இருந்தவர்கள் அவ்வளவாக இருமவில்லை. இருமினவர்கள் இல்லை.

*

ஒரு பேப்பரில் சின்னக் கட்டமாக வந்ததைப் பட்டறை முதலாளி வெட்டி, லாமினேட் செய்து, மிஷினுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அவரும் இவர்களைப் போலத் தென்மாவட்டத்துக்காரர்தான். நாள் முழுக்க அதே புகையில் நிற்கிற மனிதர்.

"வாங்க மேடம், வாங்க. உங்க புண்ணியம்" என்று டீ சொன்னார். "நம்ம புகை சாம்பிராணிப் புகைன்னு நான் அப்பவே சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. இப்ப டாக்டரே சொல்லியாச்சு. கேம்ப்காரவியளும் வந்து ரெண்டு நாள் இங்க நிக்கட்டும், இருமல் போயிரும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அவரைக் குனிய வைத்து, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உங்க தம்பி இங்கதானே வேலை பாத்தார்?" என்று கேட்டேன்.

"அவன் ஊர்ல கெடக்கான். ஆக்ஸிஜன் வச்சிருக்கு" என்றார். பிறகு, "அது வேற விசயம் மேடம்" என்றார்.

அவர் ஏமாற்றவில்லை. அவருக்கு அது நிஜமாகவே வேறு விஷயம். இங்கே நடப்பது இங்கே. ஊரில் நடப்பது விதி.

மேலே ஏறினேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"வார்டு ஆபீசுல அந்தத் தாளக் காட்டுதாவ யக்கா. எங்ககிட்டயே காட்டுதாவ. நான் ஊதுனது, எங்க வீட்டுக்காரர் ஊதுனது. எங்க மூச்ச எடுத்து எங்களுக்கே எதிரா எழுதியாச்சு."

"அது முழுசு இல்லம்மா. ஊருக்குப் போனவங்கள எண்ணல."

"ஏன் எண்ணல?"

சொன்னேன். கெடு, பணம், இடம், வரி. சொல்லச் சொல்ல என் வாயில் எல்லாமே சில்லறைக் காரணமாகி உதிர்ந்தது. திரைக்குப் பின்னால் அவள் புருஷன் படுத்திருந்தான். பகலில். அவன் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. கடைசி வருடம் ஊதச் சொன்னபோது முள் பாதிகூட ஏறவில்லை, அவனுக்குக் கேலி பேசவும் மூச்சு இல்லை.

"இவுகள நான் ஊருக்கு அனுப்ப மாட்டேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "போனவுக யாரு திரும்பி வந்தா? இங்கயே வச்சு வைத்தியம் பாப்பேன். நீங்க சரியா எண்ணுங்க. எண்ணி, அந்த மிஷினக் கிளப்புங்க."

*

எண்ணினோம். டாக்டர் சம்பளமில்லாமல் செய்தாள், நானும்தான். செம்பூர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சந்துக்காரர்கள் தந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டோம். தென்மாவட்டத்துக் குரல்கள், பின்னால் ஆட்டுச் சத்தம், டிவி சத்தம், பஸ் ஹாரன். இன்னார் இருக்கிறாரா என்று நான் கேட்க, மறுமுனையில் ஒரு மௌனம் வரும். மௌனத்தின் நீளத்திலிருந்தே டாக்டருக்கு விஷயம் தெரிந்துவிட ஆரம்பித்தது. அவளுக்குச் சரியாக வாசிக்க வராத தமிழ் காதில் நன்றாக ஏறியது. "அவிய தவறிட்டாவளே, தெரியாதா?" என்று ஒரு பெண் என்னைக் கடிந்துகொண்டாள், துக்கத்துக்கு வராத உறவுக்காரியைக் கடிவதுபோல. இன்னொருத்தி போனைத் தன் புருஷனிடமே கொடுத்தாள். பேச்சு வரவில்லை. காற்று மட்டும் வந்தது, துருப்பிடித்த கம்ப்ரெஸர் மாதிரி. அவனிடம் எந்தக் கேள்வியும் கேட்காமல் நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

அவர்களைச் சேர்த்ததும் முடிவு தலைகீழானது. சந்துதான் மோசம், வெகு மோசம். டாக்டர் இந்த முறை எதையும் சுருக்கவில்லை. யார் யார் போனார்கள், ஏன், யாரைக் கண்டுபிடித்தோம், யாரைக் கடைசிவரை முடியவில்லை, முதலில் என்ன எழுதி வைத்தோம், எங்கே வழுவினோம், எல்லாவற்றையும் பெயர்களை மட்டும் நீக்கி யாரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து வைத்தாள். முந்தைய முடிவு தவறு என்று தன் பெயர் போட்டு எழுதினாள். அந்தத் திருத்தம் இதழின் கடைசியில் சின்ன எழுத்தில் வந்தது. எந்தப் பேப்பரும் கட்டம் கட்டவில்லை. திருத்தத்தை யார் லாமினேட் செய்வார்கள்?

அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மூவரும் வார்டு ஆபீசுக்குப் போனோம், டாக்டர், நான், அவள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, அவசரமும் படவில்லை. இந்தியில் கேட்டார்: "அப்போது குறைவு என்றீர்கள். இப்போது அதிகம் என்கிறீர்கள். அதே ஆட்கள், அதே டாக்டர். நாளைக்கு என்ன சொல்வீர்கள்?"

டாக்டர் விளக்கினாள். நிதானமாக, அழகாக விளக்கினாள். எப்படித் தவறினோம் என்பதை இவ்வளவு தெளிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். விளக்கம் தெளிவாகத் தெளிவாக, தவறியது மட்டுமே அவருக்குத் தெளிவானது. "மூன்றாவதாக வேறு யாராவது ஆராய்ச்சி செய்யட்டும், பார்க்கலாம்" என்றார்.

வெளியே வந்ததும் டாக்டர் ஆட்டோ பிடிக்காமல் வெயிலில் நின்றாள். "உண்மையச் சொன்னதுதான் தப்பாப் போச்சு ஆன்ட்டி" என்றாள். வாயை முதலில் மூடிவிட்டு அப்புறம் நேர்மையாகத் திறந்தால், திறந்த வாய்க்குத்தான் கெட்ட பெயர். மறைத்து வைத்தவன் ஒரே சொல்லில் நிற்கிறான், உறுதியானவன் என்று பெயர் வாங்குகிறான்.

ஏணி வீட்டுக்காரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மாத்தி மாத்திச் சொன்னா யாருக்கா நம்புவா? நான் உங்கள நம்புதேன். அது வேற. நான் யாரு?"

*

மழை விட்ட பிறகு அவளிடமிருந்து போன் வந்தது. ரயிலேறுகிறார்கள்.

தாதர் பிளாட்பாரத்தில் அவள் புருஷன் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான், பொங்கல் துணி எடுக்கப் போகிறவன் மாதிரி சட்டை இஸ்திரி போட்டு. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். தூக்கிய கையை இறக்குவதற்குள் இளைத்துவிட்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்துப் பெட்டிக்குள் ஏற்றி, சன்னலோரம் உட்கார வைத்தார்கள்.

அனுப்ப மாட்டேன் என்று சொன்னவள் கூடவே போகிறாள். அறையை வாடகைக்கு விட்டிருக்கிறாள். புதிதாகக் கல்யாணமான ஜோடி, பெண் பிள்ளைத்தாச்சி, வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மிஷின் அங்கேயேதான் இருக்கிறது. அவன் இடத்தில் வேறொருவன் ஓட்டுகிறான்.

"டாக்டரம்மா எங்க?" என்றாள்.

"வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டா. உன்னக் கேட்டா."

"நல்ல பொண்ணு. நமக்காவ நெறைய அலைஞ்சுது." மூட்டைகளைச் சன்னல் வழியாக உள்ளே தள்ளினாள். அவளுக்கும் இளைத்தது, நின்று நின்று தள்ளினாள். நான் உதவப் போனேன், விடவில்லை. "உங்களுக்கு இடுப்பு புடிச்சிக்கிடும். போன தடவ ஏணியில எறங்கும்போதே பாத்தேன்லா."

விசில் கேட்டது. அவள் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துத் திரும்பினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, எதையோ மறந்துவிட்டதுபோல் தேடிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நம்ம ரூம்ல வந்திருக்கால்லா அந்தப் பிள்ள, அவகிட்ட ஒரு எட்டு போயிச் சொல்லிருங்க. மாசமா இருக்கா. மிஷின் ஓடும்போது மேல இருக்க வேண்டாம், கோயில் பக்கம் போயி உக்காந்துக்கிடட்டும். தாளெல்லாம் ஒண்ணும் காட்டாதிய. சும்மா வாயால சொல்லுங்க."

"நான் சொன்னா நம்புவாளா?"

வண்டி நகர்ந்தது. சக்கரச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"எங்க நம்புவா! வந்த புதுசுல நானும்தான் நம்பல. சொல்லி வையுங்க, யக்கா."